எண்பத்து மூன்றாவது படம்

பிப்ரவரி 12

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் சௌகரியம். அம்மாவுக்கு மட்டும் தையல் மிஷினை மிதித்து மிதித்து வலது முழங்கால் வீங்கியிருக்கிறது. தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். அங்கே உங்கள் உடம்பும் அத்தை உடம்பும் எப்படி இருக்கின்றன?

நான் உங்கள் சித்தப்பா மகளின் இளைய மகள். ஆறு வயதில் உங்கள் கேமராவின் மூடியைத் தொலைத்தவள் என்று சொன்னால் ஞாபகம் வரும் என்கிறாள் அம்மா. இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறேன்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மே நான்காம் தேதி, உங்கள் ஊரிலேயே. மாப்பிள்ளை வீட்டார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களை எப்போதும் ஒருவர்தான் படம் எடுப்பாராம். அவரையே வைக்க வேண்டும், செலவு பெண் வீட்டுடையது என்று சொல்லி ஒரு விசிட்டிங் கார்டு கொடுத்தார்கள். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அட, இது நம்ம அண்ணன் ஸ்டூடியோல்ல!" என்று கத்தினாள். பத்து நாளில் அப்பா அன்றுதான் சிரித்தார்.

அப்பா லாரி எடை மேடையில் கணக்கு எழுதுகிறார். அங்கே தொலைபேசி முதலாளியின் மேசையில் இருக்கிறது. யார் பேசினாலும் அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். அதனால் கடிதம். வீட்டில் என் கையெழுத்துதான் நன்றாக இருக்கும் என்பதால் நான்.

உங்கள் கட்டணம் எவ்வளவு, அதை எப்படிப் பிரித்துத் தர வேண்டும் என்று எழுதுங்கள். "சொந்தக்காரர்கிட்ட பேரம் பேசினா சொந்தமே கெட்டுப்போயிடும், கொறச்சுக் கேட்டு எழுதாத" என்கிறார் அப்பா. "சொந்தக்காரர்கிட்ட கேக்காம ரோட்ல போறவன்கிட்டயா கேப்பாங்க? எழுதுடி" என்கிறாள் அம்மா. இரண்டையும் எழுதிவிட்டேன். உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 21

பண்டிதைக்கு,

இந்தப் பக்கம் எல்லோரும் நலம். எனக்குக் கொஞ்சம் இடுப்பு வலி, நின்றே பிழைக்கிறவனுக்கு அது இல்லாமல் இருக்குமா? உன் அம்மாவை முழங்காலுக்கு வைத்தியரைப் பார்க்கச் சொல்.

மூடி இன்னும் கிடைக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மொத்தம் பன்னிரண்டாயிரம். மூன்று பங்கு. முதல் நாலாயிரம் தேதி குறிக்கும்போது. இரண்டாவது நாலாயிரம் கல்யாணத்தன்று காலையில். அது கைக்கு வராமல் கேமரா பையைவிட்டு வெளியே வராது. மூன்றாவது நாலாயிரம் ஆல்பத்தை வாங்கும்போது. அது வரைக்கும் ஆல்பமும் நெகட்டிவும் என்னிடம். சொந்தம் எல்லாம் சாப்பாட்டு மேசையோடு சரி, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வராது. உன் அம்மாவிடம் நான் இப்படிச் சொன்னதாகவே சொல்.

கடைசிப் பங்கு முடியாதவர்களுக்கு வேறொரு வழி வைத்திருக்கிறேன். என் கடை பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே. பெண்ணின் படம் ஒன்றைப் பெரிதாக்கி முன் கண்ணாடியில் வைத்துக்கொள்வேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வேறு எதைப் பார்ப்பார்கள்? அதைப் பார்த்து எனக்கு நாலு பேர் வருவார்கள். அதற்கு ஈடாக நாலாயிரத்தைக் கழித்துவிடுவேன். எந்தப் படம், எவ்வளவு நாள் என்பதெல்லாம் என் இஷ்டம்.

அப்பாவிடம் கேட்டு எழுது. உன்னிடம் பேசி முடிக்க நீ பெரிய மனுஷி இல்லை.

மாமா


மார்ச் 1

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் இடுப்பு வலிக்கு எங்கள் விளையாட்டு ஆசிரியை ஒரு பயிற்சி சொல்லித் தந்தார். படம் வரைந்து கூட வைத்திருக்கிறேன். இங்கே அனைவரும் வழக்கம்போல இருக்கிறோம்.

அப்பா முதல் நாலாயிரத்தை இன்று அனுப்புகிறார். இரண்டாவதும் தயார். மூன்றாவதற்கு முதலாளியிடம் கடன் கேட்கப் போவதாக இருந்தார். அந்த முதலாளி கடன் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொள்வார். ஞாயிறு ஒன்றில்தான் அப்பா மாலையில் என்னோடு நூலகத்துக்கு வருவார்.

ஆகவே மாமா, கண்ணாடி வழியையே எடுத்துக்கொள்கிறோம். அப்பாவிடம் நான் அதை அப்படியே சொல்லவில்லை. மூன்றாவது பங்கை மாமா சொந்தத்துக்காக விட்டுக்கொடுத்துவிட்டார் என்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "என்ன இருந்தாலும் ரத்தம்" என்றார். நீங்களும் அப்படியே இருந்துவிடுங்கள், தயவுசெய்து.

எனக்கு ஒரே ஒரு பயம். மூன்றே மாதத்தில் வேறு அழகான மணப்பெண் யாராவது வந்துவிட்டால் அக்காவை எடுத்து உள்ளே வைத்துவிடுவீர்கள். அது நியாயமில்லை. நூலகத்தில் ஒப்பந்தப் பத்திரம் எழுதும் முறை பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது. அதைப் பார்த்து நானே எழுதி, இரண்டு பிரதிகள் இணைத்திருக்கிறேன்:

"மணமகளின் படம் ஒன்று, பெண் வீட்டார் தேர்ந்தெடுக்கும் படமாக, ஸ்டூடியோவின் முன் கண்ணாடியில் ஜூன் முதல் தேதி தொடங்கி ஓராண்டு முழுமைக்கும் வைக்கப்படும். எவர் வந்து கேட்டாலும், எக்காரணம் பற்றியும், ஒரு நாளேனும் முன்னதாக அது அகற்றப்படமாட்டாது. இதற்கு ஈடாக மூன்றாம் பங்கு நாலாயிரம் கழிக்கப்படும்."

'ஒரு நாளேனும்' என்பது நானாகச் சேர்த்தது. பெண் வீட்டார் சார்பில் நான் கையெழுத்திட்டிருக்கிறேன். நீங்களும் இட்டு ஒரு பிரதியை என் பள்ளி முகவரிக்கு அனுப்புங்கள்.

பயிற்சியைக் காலையில் செய்ய வேண்டும், வெறும் வயிற்றில்.

உங்கள் மருமகள்


மே 19

அன்புள்ள மாமாவுக்கு,

கல்யாண அலைச்சலில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து இப்போது தேவலை. அம்மா இரண்டு நாள் படுத்தே இருந்தாள். அக்கா போனபின் வீடு பெரிதாகிவிட்டது. உங்கள் இடுப்பு வலி குறைந்ததா?

நீங்கள் அனுப்பிய சின்னப் படத் தாள்கள் வந்து சேர்ந்தன. நூற்று நாற்பது படங்களையும் அறிவியல் கூடத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் வைக்க அறுபத்தொன்றாவது படம் நல்லது, ஜோடியாக இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டாருக்கும் திருப்தி என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும் மாமா. அறுபத்தொன்றில் மாப்பிள்ளை கடை வாசலில் நிற்பதுபோல நிற்கிறார். அக்கா பல்வலிக்காரி மாதிரி இருக்கிறாள்.

எண்பத்து மூன்றை வையுங்கள்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மண்டபத்து மாடிப்படியில் இருவரும் இறங்கி வந்தார்கள். வெளிச்சத்துக்காக வெள்ளை அட்டையை என்னைப் பிடிக்கச் சொன்னீர்கள். "சிரிம்மா, சிரிப்புக்குத் தனி சார்ஜ் இல்ல" என்றீர்கள். அக்கா சிரிக்கவில்லை. நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து தரை துடைக்கும் வாளிக்குள் காலை விட்டேன். அப்போது சிரித்தாளே, அதுதான் எண்பத்து மூன்று. அவள் முன்பல் இரண்டும், கன்னத்துக் குழியும், தோளில் சரிந்த முடியும் அப்படியே விழுந்திருக்கின்றன. மாப்பிள்ளை ஒரு படி முன்னால் போய்விட்டதால் அவருடைய இடது தோளில் பாதி மட்டும் ஓரத்தில் இருக்கிறது. அது ஒன்றும் கெடுதல் இல்லை. படம் அக்காவுடையதுதானே?

ஒப்பந்தப்படி தேர்வு எங்களுடையது என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம்.

உங்கள் மருமகள்


ஜூலை 2

அன்புள்ள குட்டிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் பாதி கீழே போகிறது என்று அம்மா எழுதியிருந்தாள்.

இந்த வீட்டில் எங்கே பார்த்தாலும் டைல்ஸ். குளியலறையில் மட்டும் ஏழு வகை. விற்காமல் நின்றதெல்லாம் இங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். சரக்கு வந்ததும் மாமியார் ஒவ்வொன்றையும் விரல் மோதிரத்தால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். கீறல் இருந்தால் சத்தம் வேறாக வருமாம். என்னையும் அப்படித்தான் கேட்கிறார் என்று சில நேரம் தோன்றும்.

போன வாரம் மாமியாரோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். எதிர்ப்பக்கம் பார்த்தால் நான் நிற்கிறேன். என் உயரத்துக்கு. பல்லெல்லாம் தெரிய. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அப்புறம் மாமியார் முகத்தைப் பார்த்தேன்.

"எங்க வீட்டு மருமகள பஸ் ஸ்டாப்ல நிக்க வெச்சிருக்கானே! யாரக் கேட்டு?" என்றார். வீட்டுக்கு வந்ததும் மகனிடம், "உன்ன வெட்டிட்டு தனியா பல்லக் காட்டறா பாரு" என்றார். என் வீட்டுக்காரர் கடைக்குப் போகும் வழியில் மாமாவைப் பார்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறார். மாமா ஒரு காகிதத்தைக் காட்டினாராம். அதைப் படித்துவிட்டு வந்தவர் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "உங்க வீட்ல எழுத்து ரொம்ப அழகா எழுதறாங்க" என்றார்.

அது என்ன காகிதம் என்று நான் கேட்கவில்லை. உனக்குத் தெரியுமா, குட்டி?

மழை வந்தால் மாடித் துணியை நீதான் எடுக்க வேண்டும். அம்மாவைப் படியேற விடாதே.

அக்கா


செப்டம்பர் 30

பண்டிதைக்கு,

நான் நலம். உன் பயிற்சியில் இடுப்பு தேவலை, அதற்கு நன்றி.

உன் கடிதங்கள் நான்கும் கிடைத்தன. கல்யாண சீசன், பேனா பிடிக்க நேரமில்லை. நான்கிலும் ஒரே சங்கதிதான்: படத்தை இறக்கு, படத்தை இறக்கு. என் கல்லாவுக்கு மேலே உன் பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். "எவர் வந்து கேட்டாலும், எக்காரணம் பற்றியும், ஒரு நாளேனும் முன்னதாக." எவர் என்றால் நீயும் அதில் சேர்த்தியா இல்லையா? பக்கத்துக் கடைக்கு ஒரு வக்கீல் வருவார். படித்துவிட்டு, "இவ்வளவு இறுக்கமா நான்கூட எழுத மாட்டேன்யா, யாரு?" என்றார். பத்தாம் வகுப்பு என்றேன். நம்பவில்லை.

நான் அறுபத்தொன்றை வைக்கலாம் என்றேன். நீ எண்பத்து மூன்று என்றாய். நான் மூன்று மாதம் வைத்திருப்பேனோ என்னவோ. நீ ஒரு வருடம் என்றாய். கேட்டதைத்தானே செய்தேன்?

மாப்பிள்ளை வீட்டாரும் வந்தார்கள். நாலாயிரத்தைக் கட்டினால் ஒப்பந்தமே இல்லை, எடுத்துவிடுகிறேன் என்றேன். "பொண்ணு வீட்டுக் கடன நாங்க ஏன் கட்டணும்?" என்று அந்த அம்மாள் கேட்டது எனக்கும் நியாயமாகப் பட்டது. பத்திரத்தில் இருக்கிற அந்த மூன்றாம் பங்கு நாலாயிரம் எதற்கு என்று கேட்டார்கள், விவரம் சொன்னேன். தொழிலில் ஒளிவு மறைவு கிடையாது.

உனக்கும் அதுதான். நாலாயிரம், பெரிதாக்கிய செலவு தொள்ளாயிரம், ஆக நாலாயிரத்துத் தொள்ளாயிரம். வந்த அன்றே இறக்கிவிடுவேன். உன் அப்பாவிடம் கேள். ஓ, அவருக்குத் தெரியாதல்லவா?

அந்தப் படத்தால் இதுவரை ஏழு ஆர்டர் வந்திருக்கிறது. உன் கண் நல்ல கண். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மாமா


அக்டோபர் 14

அன்புள்ள குட்டிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது, கொஞ்சம் இளைத்திருக்கிறேன். நீ பரீட்சைக்குப் படி.

உறையில் முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். இது வேலைக்குப் போகும் பெண்களின் விடுதி. ஆறு கட்டில், ஒரு ஜன்னல், என்னுடையது கதவுப் பக்கம். மருந்து டப்பாக்களில் லேபிள் ஒட்டுகிற இடத்தில் வேலை. வீட்டில் இப்போது சொல்லாதே. நானே சொல்கிறேன்.

பத்திரம் நீ எழுதியது என்று ஜூலையிலேயே எழுதியிருந்தாய். தெரியும் குட்டி. அவர் சொன்னபோதே தெரியும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஒரு தடவைதான். அந்தத் தொகைக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "நாலாயிரம், தண்ணி கொண்டா." "நாலாயிரம், சட்டைய எங்க வெச்ச?" முதலில் விளையாட்டு என்று நினைத்து நானும் சிரித்தேன். பிறகு கடையில் சரக்கு இறக்குகிறவர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். மாமியார், "மூஞ்சிய ரோட்ல வெச்சு போட்டோக் கூலி அடைச்ச வீடு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஒரு நாள், என்னை அப்படிக் கூப்பிடாதீர்கள் என்றேன். "ஏன், வெல கூடிடுச்சா?" என்றார் அவர். ஒரு பையோடு வந்துவிட்டேன். நாலாம் நாள், பிரிந்துகொள்வதாக ஊர்ப் பெரியவர்களை வைத்து எழுதிய காகிதத்தைத் தெருமுனைக்குக் கொண்டுவந்தார்கள். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டேன். உன்னுடையது அளவுக்கு அழகாக இல்லை.

இந்த விடுதியில் கல்யாணமாகாதவர்களுக்குத்தான் இடம். கல்யாணமானவள் என்றால் புருஷன் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேண்டும். ஆகவே நான் கல்யாணமாகாதவள். ஆனால் வேலைக்குப் போக அந்த பஸ் நிறுத்தத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். எதிர்ச்சாரியில் நடக்கிறேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கடிதங்களையெல்லாம் மேட்ரன்தான் அனுப்பியவர் பெயரைச் சத்தமாகப் படித்துக் கொடுப்பார். அந்த வீட்டுக்கு நீ எழுதி, தபால்காரர் இங்கே திருப்பிவிட்ட உறையைக் கொடுக்கும்போது என்னை உற்றுப் பார்த்து, "அந்த ஸ்டூடியோ கண்ணாடில இருக்கறது நீதான?" என்றார். "இல்லீங்க, என் தங்கச்சி" என்றேன்.

"இந்த லெட்டர் போடற தங்கச்சியா?"

"ஆமாங்க. எனக்கு ஒரே தங்கச்சிதான்."

"உனக்கு முன்னாடி அவளுக்கா?"

"அவளுக்கு அவசரம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மேட்ரன் மட்டும் முழுசாகச் சிரிக்கவில்லை. அந்தப் படம் அங்கே இருக்கிறவரை தினமும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார். இந்தக் கட்டிலும் போனால் எனக்கு இந்த ஊரில் வேறு இடம் இல்லை, நம் ஊரில் முகம் இல்லை.

முடிந்தால் அதை இறக்கச் சொல், குட்டி. முடியாவிட்டால் பரவாயில்லை.

அக்கா


நவம்பர் 6

மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்காவைப் பற்றியும். நீங்கள் விட்டுக்கொடுத்ததாகச் சொன்னது பொய் என்பதையும். அவர் என்னைத் திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. "அந்தப் பேப்பரோட நகல் இருந்தா காட்டு" என்றார். காட்டினேன். இரண்டு தடவை படித்தார். எடைச் சீட்டு சரிபார்க்கிற மாதிரி வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். மடித்துக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். பதினெட்டு நாளாக என்னிடம் உப்பு எடு, விளக்கை அணை, இவ்வளவுதான் பேசியிருக்கிறார்.

இரண்டாயிரம் இத்துடன் அனுப்பியிருக்கிறோம். முதலாளியிடம் வாங்கியது. இனி ஞாயிறும் அவருக்குத்தான். மீதி இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தை மாதம் முந்நூறாகத் தந்து முடிக்கிறோம் என்று அப்பா எழுதச் சொன்னார். முன்பு பெற்ற கட்டுரைப் பரிசுப் பதக்கத்தை நான் விற்கப் பார்த்தேன். அது வெறும் பித்தளை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

மாமா, ஒப்பந்தத்தில் எழுதியதை நான் மறுக்கவில்லை. எழுதியவள் நான். அது என்ன செய்யும் என்று தெரியாமல் எழுதினேன். படத்தை இப்போதே இறக்கிவிட்டு மீதிப் பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தால்கூடப் போதும். அக்கா தினமும் எதிர்ச்சாரி வழியாகப் போகிறாள். நீங்களே பார்த்திருப்பீர்கள்.

வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மருமகள்


டிசம்பர் 20

பண்டிதைக்கு,

எல்லோரும் நலம். உன் அப்பா அனுப்பிய இரண்டாயிரம் கிடைத்தது. கணக்கில் வைத்திருக்கிறேன். பாதிப் பணத்துக்குப் பாதிப் படத்தை இறக்க முடியாது. முந்நூறு முந்நூறாக வேண்டாம், மற்றதும் மொத்தமாக வரட்டும்.

ஆமாம், உன் அக்கா எதிர்ச்சாரியில் போவதைப் பார்க்கிறேன். வெயிலில் குடை எடுத்துப் போகச் சொல், அந்தப் பக்கம் நிழலே கிடையாது.

ஆனால் உனக்கு ஒரு நல்ல சேதி. பிப்ரவரியில் பெரிய ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது. பழைய வாடிக்கை. அது முடிந்ததும் கண்ணாடியில் படம் மாற்ற வேண்டி வரும்போல இருக்கிறது. எப்படியும் பிப்ரவரிக்கு மேல் உன் எண்பத்து மூன்று அங்கே இருக்காது. அது வரை பொறு.

மாமா


டிசம்பர் 27

அன்புள்ள அக்கா!

நலமா? நாங்கள் நலம்! இந்தக் கடிதத்தைக் கட்டிலில் உட்கார்ந்து, யாரும் பார்க்காத நேரத்தில் படி.

மாமா படத்தை இறக்கிவிடப் போகிறார்! அவரே எழுதியிருக்கிறார், பிப்ரவரிக்கு மேல் இருக்காது என்று! முழுப் பணமும் இன்னும் போகவில்லை, இருந்தும் சம்மதித்துவிட்டார். நீ வெயிலில் நடந்து போவதைப் பார்த்து மனசு இளகியிருக்கும் என்று நினைக்கிறேன். குடை எடுத்துப் போகச் சொன்னார்! பழைய வாடிக்கைக்காரர் யாரோ பெரிய ஆர்டர் கொடுத்திருக்கிறார்களாம். அவர்கள் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்!

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "ம்" என்றார். ஆனால் சாப்பிடும்போது, "நீயும் உக்காரு" என்றார். அறுபத்தொன்பது நாளுக்குப் பிறகு! அம்மா உள்ளே போய் மூக்கைச் சிந்தினாள்.

இன்னும் இரண்டே மாதம், அக்கா. அப்புறம் ஸ்டூடியோ சாரியிலேயே நட. நிழலில் நட!

உன் தங்கை


பிப்ரவரி 18

பண்டிதைக்கு,

நலம். உன் அம்மா முழங்காலுக்கு என்ன செய்தீர்கள்?

சொன்னபடி நேற்று உன் படத்தை இறக்கிவிட்டேன். மீதி இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் வந்துவிட்டது, உன் அப்பா இனி அனுப்ப வேண்டாம். டைல்ஸ் கடைக்காரர்களே கட்டிவிட்டார்கள். மாப்பிள்ளைக்குப் போன வாரம் புதுப் பெண்ணின் ஊரில் கல்யாணம் ஆயிற்று. அவளுடைய ஆட்கள் மறுவீட்டு விருந்துக்கு பஸ்ஸில் வந்து இறங்கும்போது முதலில் உன் அக்கா முகத்தில் விழிக்கக் கூடாதே, அதற்காக. போன வருடமே கட்டியிருக்கலாமே என்றேன். "அப்ப அவசியம் இல்லியே" என்றார் அந்த அம்மாள்.

உன் அப்பாவின் இரண்டாயிரம் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டதால் திருப்பித் தர வழியில்லை.

புதுப் பெண்ணின் படத்தை அதே சட்டத்தில் வைத்திருக்கிறேன். அளவு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இந்தத் தடவை மாப்பிள்ளை முழுசாக இருக்கிறார். கீழே டைல்ஸ் கடைப் பெயரும் இருக்கிறது, அதனால் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. அந்தப் பெண் வீட்டுக்கும் கடைசிப் பங்கு கஷ்டம்தான். உன் பத்திரத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, தேதியை மட்டும் மாற்றி, அப்படியே எழுதிக்கொண்டேன். பெண்ணின் அண்ணன் கையெழுத்திட்டான். 'ஒரு நாளேனும்' அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது.

எண்பத்து மூன்றைச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரு மாதத்துக்குள் யாராவது வந்து வாங்கிக்கொள்ளாவிட்டால் பின் அட்டையை வேறு படத்துக்கு எடுத்துக்கொள்வேன்.

நன்றாகப் படி.

மாமா


பிப்ரவரி 26

குட்டிக்கு,

நான் இருக்கிறேன். உன் டிசம்பர்க் கடிதத்தில் எட்டு ஆச்சரியக்குறிகள் இருந்தன. எண்ணினேன்.

படம் மாறியதை நான் மற்றவர்களுக்குப் பிறகுதான் பார்த்தேன், முகத்தைத் திருப்பியே பழகிவிட்டதால். சாப்பிடும் நேரத்தில் மேட்ரன் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்னம்மா, உன் தங்கச்சி படத்த எடுத்துட்டு வேற யாரையோ வெச்சிருக்கான்? டைல்ஸ் கடைப் பையனாமே அது. உன் தங்கச்சியக் கட்டினவனும் அவன்தான்னு கடைத்தெருவுல சொன்னாங்க. அப்ப உன் தங்கச்சி எங்க?"

மற்ற ஐந்து பேரும் தட்டோடு என்னைப் பார்த்தார்கள்.

"தங்கச்சி செத்துட்டா" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாய் சொல்லிவிட்டது. மேட்ரன் எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இனி என் முகத்தை ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார். கட்டில் நிலைத்துவிட்டது. வேலையிடத்தில் அரை நாள் விடுப்பு கொடுத்தார்கள். தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன், குட்டி.

அந்தச் சுற்றி வைத்த படத்தை நான் போய் வாங்க மாட்டேன். நீயும் வராதே.

எனக்கு உன் மேல் கோபம் இல்லை. அதை நீ நம்ப வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் இனி எனக்கு எழுதாதே. அனுப்புபவர் இடத்தில் 'தங்கை' என்று எழுதி அடிக்கோடும் இழுத்து வைப்பாய். மேட்ரன் அதைச் சத்தமாகப் படிப்பார். செத்தவளிடமிருந்து கடிதம் வந்தால் நான் என்ன சொல்வேன்?

அம்மாவின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடு. அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடு. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா